பக்கத்துக்குள் படம் புகுந்த கதை

கைப்பேசியில் நண்பர் ஒருவர் அனுப்பிய இணைப்பைத் தொடுகிறீர்கள். செய்திப் பக்கம் ஒன்று திறக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே ஒரு கட்டம். அதன் மையத்தில் ஒரு முக்கோணம். அதைத் தொட்டதும் படம் ஓடத் தொடங்குகிறது. இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றலாம்.

இப்போது 20 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இணையப் பக்கம் ஒன்றைத் தேடித் திறந்து பாருங்கள். எழுத்து அப்படியே இருக்கும். புகைப்படங்களும் பெரும்பாலும் இருக்கும். ஓடும் படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெற்றுக் கட்டம் ஒன்று காத்துக்கொண்டிருக்கும். ஒரே நாளில், ஒரே கையால் எழுதப்பட்ட பக்கம்தான். அதில் எழுத்து பிழைத்திருக்கிறது, படம் பிழைக்கவில்லை. காரணம் என்ன? அதை அறிய வேண்டுமானால், படம் பக்கத்துக்குள் எப்படி வந்து சேர்ந்தது என்பதை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

காப்பிப் பாத்திரமும் காமிராவும்

ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1989-இல் வலைப்பின்னல் திட்டத்தை முன்வைத்தார். 1990 முடிவதற்குள் முதல் உலாவியையும் எழுதிவிட்டார். விஞ்ஞானிகள் தங்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். ஆகவே அன்றைய பக்கம் பெரும்பாலும் எழுத்துதான்.

1993 பிப்ரவரியில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் ஒரு யோசனை சொன்னார். பக்கத்தின் நடுவே 'இமேஜ்' என்ற குறிச்சொல்லை இட்டு, படக்கோப்பின் முகவரியைக் கொடுத்துவிட்டால் போதும். மோதிரத்தில் கல்லைப் பதிப்பது போல உலாவியே படத்தை எழுத்துகளுக்கு நடுவே பதித்துக் காட்டும். வேறு எந்தக் கருவியின் தயவும் தேவையில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் ஒரு காப்பிப் பாத்திரம் இருந்தது. மற்ற அறைகளிலிருந்து ஆவலோடு நடந்து வருபவர்களுக்குப் பல நேரம் காலிப் பாத்திரமே காட்சி தரும். இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி ஆகிய இருவரும் 1991-இல் ஒரு காமிராவைப் பாத்திரத்தின் எதிரே நிறுத்தி, அதன் படத்தை ஆய்வுக்கூடத்தின் கணிப்பொறிகளில் தெரியும்படி செய்தார்கள். 1993 நவம்பரில் அது வலைப்பின்னலுக்கும் வந்தது. 128-க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். நிமிடத்துக்கு ஏறத்தாழ மூன்று முறை மாறும். உலகின் எந்த மூலையிலிருந்தும் அந்தப் பாத்திரத்தைப் பார்க்க முடிந்தது. 2001 ஆகஸ்டு 22-ஆம் நாள் காமிரா நிறுத்தப்பட்டது.

20 விநாடிக்கு ஒரு முறை மாறும் படம் திரைப்படம் ஆகிவிடாது. கண்ணுக்குத் தொடர்ச்சியான அசைவாகத் தெரிய வேண்டுமானால் விநாடிக்கு ஏறத்தாழ 25 படங்கள் தேவை. இடையூறு அங்கேதான் தொடங்குகிறது.

6,400 மடங்கு

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலத்தில் 640 புள்ளிகளும் உயரத்தில் 480 புள்ளிகளும் கொண்ட படம் ஒன்றில் மொத்தம் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள். விநாடிக்கு 25 படங்கள். ஒரு பைட்டு என்பது 8 பிட்டுகள். பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு 18,43,20,000 பிட்டுகள்.

1990-களின் நடுவில் வீடுகளில் இருந்தது தொலைபேசிக் கம்பியில் இயங்கும் மோடம். அதன் வழியே விநாடிக்கு 28,800 பிட்டுகள் செல்லும். வகுத்தால் 6,400 வருகிறது. அதாவது ஒரே ஒரு விநாடிப் படத்தைப் பெற 6,400 விநாடிகள், ஒரு மணி 46 நிமிடம் 40 விநாடி, காத்திருக்க வேண்டும்! ஆக, படத்தைச் சுருக்காமல் அனுப்புவது ஆகாத காரியம்.

சுருக்குவதற்கான வழியைச் சொன்ன மூவரின் ஆய்வுக் கட்டுரை 1974 ஜனவரியிலேயே வெளிவந்திருந்தது: நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது 1940-இல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்கா சென்று கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். இந்த ஆய்வுக்காக 1972-இல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டபோது, எண்ணம் மிக எளிதாக இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

அந்த எளிய எண்ணம் இதுதான். படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரியுங்கள். சதுரத்துக்கு 8-க்கு 8, அதாவது 64 புள்ளிகள். அவற்றின் வெளிச்சத்தை 64 எண்களாகவே வைத்துக்கொள்ளாமல், "சராசரி வெளிச்சம் இவ்வளவு, இடமிருந்து வலமாக மெல்ல மாறுவது இவ்வளவு, மேலிருந்து கீழாக மாறுவது இவ்வளவு" என்று வேறு 64 எண்களாக மாற்றி எழுதுங்கள். இப்படி மாற்றியதும் பெரும்பாலான எண்கள் பூச்சியத்தை ஒட்டி நின்றுவிடும். நெல்லைத் தூற்றிப் பதரை விடுவது போல அவற்றை விட்டுவிடலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது.

இத்துடன் இன்னொரு சிக்கனமும் உண்டு. செய்தி வாசிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னாலுள்ள திரை அசைவதில்லை. உதடும் கண்ணும்தான் அசைகின்றன. முந்தைய படத்திலிருந்து எது மாறியதோ அதை மட்டும் அனுப்பினால் போதாதா? இவ்விரு வழிகளையும் சேர்த்து 1988-இல் எச்.261, அதன்பின் எம்பெக், 2003-இல் எச்.264 என்று சுருக்கும் முறைகள் வரிசையாக வந்தன. இவற்றைக் 'கோடெக்' என்பார்கள். சுருக்கி அனுப்பியவர் கையாண்ட அதே கோடெக் பெறுபவரிடமும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வந்து சேர்வது வெறும் எண்குவியல்தான்.

குடமும் குழாயும்

சுருக்கினாலும் கோப்பு பெரியதுதான். முழுவதும் வந்து சேரும் வரை காத்திருந்து பிறகு பார்ப்பது, குடம் நிறையும் வரை வாய் வறண்டு நிற்பது போன்றது. குழாயில் வரும்போதே குடிக்கக் கூடாதா? இந்த எண்ணத்தின் பெயர்தான் 'ஸ்ட்ரீமிங்'.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. குழாய்த் தண்ணீர் ஒரே சீராக வராது. நின்று நின்று வரும். அதனால்தான் வீட்டுக்கு மேலே தொட்டி கட்டுகிறோம். அவ்வாறே உலாவியும் சில விநாடிப் படத்தை முன்னதாகவே வாங்கித் தேக்கிக்கொண்டு, பிறகுதான் ஓட்டத் தொடங்குகிறது. திரையில் வட்டம் சுழலும்போது தொட்டி காலியாகிவிட்டது, நிரம்பக் காத்திருக்கிறது என்று பொருள்.

1993 ஜூன் 24-ஆம் நாள் கலிபோர்னியாவின் செராக்ஸ் ஆய்வு நிலையத்தில் ஓர் இசைக்குழு வாசித்ததை இணையம் வழியாக ஆஸ்திரேலியாவில் இருந்தவர்களும் கண்டார்கள். ஆனால் அதற்கு ஆய்வுக்கூடங்களில் மட்டுமே இருந்த தனிப் பின்னல் தேவைப்பட்டது. வீடுகளுக்கு முதலில் வந்தது ஒலிதான். 1995-இல் ராப் கிளேசரின் நிறுவனம் 'ரியல் ஆடியோ'வை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனை அதன் வழியே நேரடியாக ஒலிபரப்பானது. 1997-இல் 'ரியல் வீடியோ' வந்தது. தபால்தலை அளவில், விட்டுவிட்டு அசையும் படம். அதைப் பார்க்கவும் கூட்டம் இருந்தது.

எத்தனை பெட்டிகள்!

இப்போது தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தை உலாவியே காட்டியது. ஓடும் படத்தைக் காட்ட அதற்குத் தெரியாது. ஆகவே 1996-இல் வந்த நெட்ஸ்கேப் 2.0 உலாவி ஒரு குறுக்கு வழியைத் திறந்தது. 'எம்பெட்' என்ற குறிச்சொல்லை இட்டால், உலாவி பக்கத்தில் ஒரு கட்டத்தை ஒதுக்கி, அதை வேறொரு நிறுவனத்தின் கருவியிடம் ஒப்படைத்துவிடும். இக்கருவிக்குச் செருகுநிரல் என்று பெயர். கட்டத்துக்குள் நடப்பது எதுவும் உலாவிக்குத் தெரியாது. வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, சாவியையும் கொடுத்துவிட்ட கதைதான்.

விளைவு என்ன ஆயிற்று? ரியல் பிளேயருக்கு ஒரு பெட்டி, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மீடியாவுக்கு ஒரு பெட்டி, ஆப்பிளின் குவிக்டைமுக்கு இன்னொரு பெட்டி. ஒன்றின் கோப்பு மற்றொன்றில் ஓடாது. படத்தைப் பதிக்க விரும்பியவர், "உங்களிடம் எந்தக் கருவி இருக்கிறது?" என்று படிப்பவரைக் கேட்க வேண்டியிருந்தது. "இல்லையென்றால் இங்கே சென்று நிறுவிக்கொண்டு வாருங்கள்" என்று பக்கத்துக்குப் பக்கம் அறிவிப்பு. ஒரே படத்தை இரண்டு மூன்று வடிவங்களில் வைத்து, ஒவ்வோர் உலாவியிலும் ஓடுகிறதா என்று சோதிப்பது அன்றைய பக்கம் எழுதுவோரின் தலைவிதியாக இருந்தது.

நீதிமன்றத்தில் ஒரு கேள்வி

இந்நிலையில், பக்கத்துக்குள் ஒன்றைப் பதிக்கும் வழியே எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். மைக்கேல் டாயில் என்பவரின் இயோலாஸ் நிறுவனம். இதற்கான காப்புரிமை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெயரில் 1998 நவம்பரில் அளிக்கப்பட்டிருந்தது. மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் மீது வழக்கு. 2003 ஆகஸ்டில் ஜூரிகள் 52 கோடியே 6 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னார்கள்.

வலைப்பின்னலைச் சார்ந்த அனைவரும் திடுக்கிட்டனர். மைக்ரோசாஃப்டே கட்ட வேண்டுமானால் மற்றவர்கள் கதி என்ன? பெர்னர்ஸ்-லீ அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதி மறு ஆய்வு கோரினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல் வழக்கைத் திருப்பி அனுப்பியது. மைக்ரோசாஃப்டோ 2006-இல் தன் உலாவியையே மாற்றிவிட்டது. பதித்த பொருளை இயக்க முதலில் ஒரு முறை சொடுக்கி உயிரூட்ட வேண்டும். பிறகுதான் அது பேசும். காரணம் தெரியாமலே கோடிக்கணக்கானோர் அந்த ஒரு சொடுக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்கள். 2007-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

இயோலாஸ் பின்னர் கூகிள், அமேசான் முதலியோர் மீதும் வழக்குத் தொடுத்தது. 2012 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் விசாரணை. பெர்னர்ஸ்-லீ நேரில் வந்து சாட்சி சொன்னார். பெய்-யுவான் வெய் என்பவரும் வந்தார். அவர் மாணவராக இருந்தபோது எழுதிய 'வயோலா' என்னும் உலாவி, பக்கத்துக்குள் இயங்கும் பொருளை 1993 மே மாதத்திலேயே காட்டியிருந்தது. காப்புரிமை செல்லாது என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பதிக்கும் உரிமை பொதுவில் நின்றது.

ஃபிளாஷ் வந்ததும் போனதும்

பெட்டிகளின் சண்டையில் வென்றது ஃபிளாஷ். அசையும் கேலிச்சித்திரங்களுக்காக வந்த இந்தச் செருகுநிரல், 2002-இல் ஓடும் படத்தையும் காட்டக் கற்றுக்கொண்டது. பெரும்பாலான கணிப்பொறிகளில் அது ஏற்கெனவே இருந்ததால் "எந்தக் கருவி இருக்கிறது?" என்ற கேள்வி மறைந்தது.

2005 ஏப்ரல் 23-ஆம் நாள் யூடியூபில் முதல் படம் ஏறியது. விலங்குக் காட்சியில் யானைகளின் முன் ஓர் இளைஞர் பேசும் 19 விநாடிப் படம். யூடியூப் செய்த பெரிய காரியம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே பதிப்பதற்கான வரியை எழுதியே கொடுத்ததுதான். அதை வெட்டி எடுத்து உங்கள் பக்கத்தில் ஒட்டினால் படம் அங்கேயும் ஓடும். அடுத்த ஆண்டே கூகிள் 165 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தை வாங்கியது.

ஆனால் சாவி இன்னும் ஒரே நிறுவனத்திடம்தான் இருந்தது. முதலில் மாக்ரோமீடியா, 2005 இறுதியிலிருந்து அடோபி. ஃபிளாஷில் பாதுகாப்பு ஓட்டைகள் அடிக்கடி வெளிப்பட்டன. 2007-இல் வந்த ஐபோன் அதை ஏற்கவே இல்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கமாகவே எழுதினார். 2017-இல் அடோபி கைவிடும் முடிவை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் தானாகவே ஓட மறுத்தது.

தொடக்கத்தில் கண்ட வெற்றுக் கட்டத்துக்குக் காரணம் இதுதான். படம் அழிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைத் திறக்கும் பெட்டி அழிந்துவிட்டது. ஃபிளாஷைப் போலவே நடந்துகொள்ளும் 'ரஃபிள்' என்ற நிரலைத் தன்னார்வலர்கள் எழுதியிருக்கிறார்கள். 2020 நவம்பரில் இணைய ஆவணக் காப்பகம் அதைக் கொண்டு பழைய ஆக்கங்களுக்கு உயிரூட்டத் தொடங்கியது. எனினும் எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை.

'ஒருவேளை' என்று சொல்லும் உலாவி

2007 பிப்ரவரியில் நார்வே நாட்டு ஓபரா உலாவி நிறுவனத்தினர் எளிய யோசனை ஒன்றைச் சொன்னார்கள். புகைப்படத்துக்கு 'இமேஜ்' இருப்பது போல ஓடும் படத்துக்கு 'வீடியோ' என்ற குறிச்சொல் ஏன் இருக்கக் கூடாது? செருகுநிரல் எதற்கு? உலாவியே ஓட்டட்டும். 1993-இல் செய்ததைத்தான் மறுபடி செய்யச் சொன்னார்கள்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், கோடெக் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. ஆப்பிள் எச்.264-ஐ விரும்பியது, அதற்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. மொசில்லாவும் ஓபராவும் கட்டணமில்லாத தியோராவைக் கேட்டன. உடன்பாடு ஏற்படாததால், 2009-இல் தர நூலின் பதிப்பாசிரியர் இயன் ஹிக்சன் கோடெக் பற்றிய வரியையே எடுத்துவிட்டார். 'வீடியோ' என்ற குறிச்சொல் பொது. உள்ளே எந்தக் கோடெக் என்பது அவரவர் விருப்பம்.

ஆகவே உலாவியைக் கேட்டுப் பார்க்கும் வழி ஒன்று தேவைப்பட்டது. "இந்த வகைக் கோப்பை உன்னால் ஓட்ட முடியுமா?" என்று ஒரு கட்டளை மூலம் கேட்கலாம். அதற்கு உலாவி தரும் விடைகள் மூன்றே: "அநேகமாக", "ஒருவேளை", அல்லது வெற்று மௌனம். "முடியும்" என்று அது சொல்வதே இல்லை! காரணம் எளிது. கோப்பு என்பது டப்பா. கோடெக் அதனுள் இருக்கும் பண்டம். டப்பாவின் பெயரை மட்டும் சொன்னால் "ஒருவேளை" என்கிறது. பண்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் "அநேகமாக" என்கிறது. திறந்து ஓட்டிப் பார்க்காமல் அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்பதை அந்த நிரல் எழுதியோர் நேர்மையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

சச்சரவு மெல்லத் தணிந்தது. 2010 மே மாதம் கூகிள் வி.பி.8 கோடெக்கைக் கட்டணமின்றி வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகக் காட்டப்படும் படங்களுக்கு எச்.264 கட்டணம் என்றுமே இல்லை என்று அதன் காப்புரிமைக் கூட்டமைப்பு அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தது. 2015 ஜனவரியில் யூடியூப், ஃபிளாஷை விட்டு 'வீடியோ' குறிச்சொல்லை வழக்கமாக்கிக்கொண்டது. 2018-இல், பல பெரிய நிறுவனங்கள் கூடி உருவாக்கிய ஏ.வி.1 கோடெக் கட்டணமின்றி வந்தது.

துண்டு துண்டாக ஒரு படம்

இன்று உங்களுக்கு வரும் ஸ்ட்ரீமிங் இணைப்பு பல நேரங்களில் படத்தின் முகவரியே அன்று. ஒரு பட்டியலின் முகவரி. 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் அந்தப் பட்டியல் 'எம்3யு8' என்று முடியும். 2012-இல் டாஷ் என்ற பொதுத் தரமும் வந்தது. இம்முறைகளில் படத்தைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தெளிவு கூடியதாகவும் குறைந்ததாகவும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். உலாவி ஒரு துண்டை வாங்கும்போதே அது எவ்வளவு விரைவில் வந்தது என்று அளக்கிறது. தாமதமானால் அடுத்த துண்டைக் குறைந்த தரத்தில் கேட்கிறது. பேருந்தில் போகும்போது படம் மங்கலாகி, சிறிது நேரத்தில் தெளிவது இதனால்தான்.

பூட்டு முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். திரைப்படங்களைக் காசுக்குக் காட்டும் நிறுவனங்களுக்காக, உலாவிக்குள் பூட்டிய பெட்டி ஒன்றை இணைக்கும் வழி 2017 செப்டம்பரில் தரமாக ஏற்கப்பட்டது. அதை எதிர்த்து மின்னணு எல்லை அறக்கட்டளை தர அமைப்பிலிருந்தே விலகியது. பழைய விவாதம் இன்றும் முடியவில்லை.

உங்கள் இணைப்பு ஓடவில்லையா?

இனி வெற்றுக் கட்டத்தைக் கண்டால் வரிசையாகச் சோதியுங்கள். முதலில், இணைப்பைத் தனியாகத் திறந்து பாருங்கள். முகவரி உயிரோடிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்து, கோப்பு எந்த டப்பா, உள்ளே எந்தக் கோடெக் என்று பாருங்கள். ரியல், ஃபிளாஷ் காலத்துக் கோப்பானால் இன்றைய உலாவி ஓட்டாது. மூன்றாவதாக, பக்கம் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்ற பாதுகாப்பு வழியிலும் படம் பழைய 'எச்.டி.டி.பி.' வழியிலும் இருந்தால் உலாவி தடுக்கக்கூடும். நான்காவதாக, பட்டியலும் துண்டுகளும் வேறொரு தளத்தில் இருந்தால், அவற்றைப் பிறர் பக்கம் படிக்க அந்தத் தளம் அனுமதி தந்திருக்க வேண்டும். படம் ஓடிச் சத்தம் மட்டும் வரவில்லையா? சத்தத்தோடு தானே ஓடும் படங்களைக் குரோம் உலாவி 2018 முதல் தடுக்கிறது. அதனால் பலர் ஒலியை அடக்கியே பதிக்கிறார்கள். ஒரு முறை தொட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. உங்கள் பள்ளி ஆண்டு விழாவையோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேச்சையோ படம் பிடித்து ஏதோ ஒரு தளத்தில் ஏற்றிப் பக்கத்தில் பதித்திருப்பீர்கள். பதித்த அந்த வரி, பிறர் வீட்டுப் பெட்டியைச் சுட்டும் விரல் மட்டுமே. அந்த வீடு மூடப்பட்டால் விரல் எதைச் சுட்டும்? ஆகவே மூலக்கோப்பை, பலரும் அறிந்த பொதுவான கோடெக்கில், உங்கள் கையில் ஒரு பிரதியும் வேறோர் இடத்தில் ஒரு பிரதியுமாக வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை ஓட்டியும் பாருங்கள். உலாவியே "அநேகமாக" என்றுதான் சொல்கிறது; ஓட்டிப் பார்ப்பவருக்குத்தான் உறுதி தெரியும்.